உங்களுக்குத் தெரியுமா? கிழங்கு விவசாயம் பரப்பிய மரபணு!

மேற்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் செல் மரபணு பரவ வழிவிட்டதே, காட்டை வெட்டி வள்ளிக்கிழங்கு நட்ட விவசாயம்தான்! 1958-இல் இப்படி எழுதியவர் அமெரிக்க மானிடவியலாளர் ஃபிராங்க் லிவிங்ஸ்டன்.

• அனாஃபிலிஸ் காம்பியே கொசு அடர்காட்டு நிழலை விரும்பாது. முட்டையிட வெயில் படும் சிறு குட்டை வேண்டும். மரம் சாய்ந்தது, குட்டை தேங்கியது, கொசு பெருகியது, கூடவே மலேரியாவும் வந்தது.

• பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், இந்த மரபணு கடும் மலேரியாவிலிருந்து காக்கும். (இதை 1954-இல் காட்டியவர் ஆந்தனி அலிசன்.) இருவரிடமிருந்தும் வந்தால், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் அரிவாள் செல் சோகை. கொசு மிகுந்த ஊரில் மரபணு நிலைத்துவிட்டதில் வியப்பென்ன?

• மண்வெட்டி மனிதனின் ரத்தத்தையும் மாற்றும் என்பதற்குப் பாடநூல்கள் இன்றும் காட்டும் உதாரணம் இதுதான்.

• 1962-இல் இன்னொரு அதிரடி: மனித ‘இனங்கள்’ என்று எதுவும் இல்லை என்றார் லிவிங்ஸ்டன். மரபுப் பண்புகள் இடத்துக்கு இடம் மெல்லக் கூடிக் குறையுமே தவிர, கோடு போட்டுப் பிரியாது. அன்று பலருக்குக் கசந்தது. இன்று மானிடவியலின் பாலபாடம்.

• இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952-இல். 2047-க்குள் அரிவாள் செல் சோகையை ஒழிக்க 2023-இல் தேசிய இயக்கம் தொடங்கியது. பரிசோதனைக்குச் சில துளி ரத்தம் போதும். குடும்பத்தில் யாருக்காவது நோய் இருந்தால், திருமணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.