மலைத் தோட்டங்களிற் பழைய டீசல் உழவு இயந்திரம்

உழவு இயந்திரம் என்னும் பெயர் தாங்கியும், சப்பிரகமுவா மலைத் தோட்டங்களில் இது பெரும்பாலும் உழுவதில்லை, பெட்டி இழுக்கின்றது. இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளிற் பறித்த கொழுந்தையும் சேர்த்த இறப்பர்ப் பாலையும் ஆலைக்குக் கொண்டு செல்வது இதன் தொழில். ஒருநாள் இஃது இயங்க மறுப்பின், சாக்கில் அடைத்த கொழுந்து சூடேறிச் சிவக்கும். பால் வழியிலேயே உறையும். விடியுமுன் எழுந்தோர் உழைப்பு அத்துணையும் வீணாம். ஆதலின் இதனைப் பேணும் முறை பற்றி ஈண்டுச் சில கூறுவோம்.

நம் கல்லூரியிற் பௌதிகம் பயின்ற அன்பர்க்கு இதன் தத்துவம் புதிதன்று. டீசல் எஞ்சினிற் பற்றவைக்கும் மின்பொறி இல்லை. உருளையில் வளியை 16 மடங்குக்கு மேல் நெருக்க, அவ்வெப்பமே பீச்சப்படும் எண்ணெயை மூட்டுகின்றது. மெல்லச் சுழலும் எஞ்சினில் அவ்வெப்பம் பிறவாது. ஆகவே முதற் குற்றவாளி பெரும்பாலும் பற்றரியே. மசி பெர்குசன் 35 இல் முதலில் வந்த நான்குருளை எஞ்சின் குளிரிற் பிடிவாதம் மிக்கது. 1959 இறுதியில் வந்த மூன்றுருளைப் பேர்க்கின்ஸ் அதனினும் இணக்கமானது. எதுவாயினும் சூடேற்றியபின் சற்றுப் பொறுத்தே சுழற்றுதல் வேண்டும்.

பற்றரி வலிவுடையதாயிருந்தும் எஞ்சின் பிடியாதாயின், எண்ணெய்க் குழாயில் வளி புகுந்திருக்கலாம். தாங்கி வற்றுமளவும் ஓட்டுவோர் தேடிக்கொள்ளும் வினை இது. முதலில் வடிகட்டியின் மேற்றிருகைத் தளர்த்தி, ஊட்டு பம்பின் சிறு நெம்பைக் கையால் அடிக்க வேண்டும். நுரை நின்று தெளிந்த எண்ணெய் வழிகையிலேயே திருகை இறுக்குக. அடுத்துப் பீச்சு பம்பின் திருகுகள். இறுதியில், எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே, பீச்சிகளின் குழாய் மூட்டுகள். பீச்சியின் வாய்க்கு நேரே கையை நீட்டற்க. அவ்வமுக்கம் தோலைத் துளைக்கும்.

ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் இரத்தினபுரியில் நீரே பெரும்பகை. பாதி வெறுமையான தாங்கியில் இரவின் ஈரம் துளியாகிப் படியும். மாலையிலேயே தாங்கியை நிரப்புவதும், காலையில் வடிகட்டியின் அடியிலுள்ள நீரை வடிப்பதும் செலவில்லா மருந்து.

பற்றரி வாங்க மனமின்றி, இறக்கத்தில் நிறுத்தி உருட்டிப் பிடிக்கும் வழக்கம் ஒன்றுண்டு. அதனை நாம் ஏற்கோம். பின்னே பாரமேற்றிய பெட்டி தள்ள, முன்னே வளைவும் பள்ளமும் கிடக்க, எஞ்சின் பிடிக்குமோ என்று பார்ப்பதற்குச் சாரதியின் உயிர் பணயமாகின்றது. பற்றரியின் விலை அதற்கு ஈடாமோ? வேறு வழியே இல்லையெனிற் பெட்டியைக் கழற்றிவிட்டு, சமதரையில் மற்றோர் இயந்திரத்தாற் கட்டி இழுப்பிக்கலாம்.