பழைய பிரதி செய்யும் குழப்பம்

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்புலிவனத்துக்கு அருகில் உள்ளது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கூறும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919-இல் வெட்டிய முதற் கல்வெட்டு, உறுப்பினராக விரும்புவோர் 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் இருக்கவேண்டும் என்றது. 921-இல் வந்த இரண்டாவது, அதை 35 முதல் 70 வரை என மாற்றியது. முதல் விதியை ஓலையில் எழுதிக்கொண்டு போன ஒருவர், 921-க்குப் பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 32 வயதுக்காரர் தமக்குத் தகுதி உண்டென நம்புவார். 65 வயதுக்காரர் வீட்டிலேயே இருந்துவிடுவார். ஓலையில் எழுத்துப்பிழை இல்லை. அது பழையது, அவ்வளவுதான்.

கணிப்பொறிகளிலும் இதே குழப்பம் நேர்வதுண்டு.

இடைக்கிடங்கு எதற்கு?

திருப்புலிவனத்தில் 40 கணிப்பொறிகள் உள்ள ஒரு கூடம் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இயங்குகிறது. 100 மெகாபைட் அளவுள்ள ஒரு மென்பொருள் பொதியை ஒவ்வொரு கணிப்பொறியும் தனித்தனியே இறக்கினால் மொத்தம் 4000 மெகாபைட் ஆகும். ஒரே ஒரு முறை இறக்கி, கூடத்திலுள்ள ஒரு பொறியில் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு வழங்கினால் 100 போதும். இந்த இடைக்கிடங்கையே 'கேஷ்' என்கிறோம்.

பழசு எப்படித் தங்குகிறது?

நிறுவும் நிரல் முதலில் ஒரு பட்டியலைக் கேட்கும். பொதியின் பெயர், பதிப்பு எண், சரிபார்ப்பு எண் ஆகியவை அதில் இருக்கும். சரிபார்ப்பு எண் பொதியின் கைரேகை போன்றது. எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 குறிகள் கொண்டது. பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும்.

இனி மூன்று நிலைகளைக் காண்போம். பட்டியல் புதியது, கிடங்கு தருவது பழையது என்றால் கைரேகை பொருந்தாது. நிரல் பிழை காட்டி நின்றுவிடும். இது எரிச்சலூட்டினாலும் நன்மையே. இரண்டாவதாக, பட்டியலும் பழையது, பொதியும் பழையது என்றால் எல்லாம் பொருந்திவிடும்! "புதுப்பிக்க எதுவுமில்லை" என்று நிரல் அமைதியாகச் சொல்லும். ஆபத்து இங்கேதான். மூன்றாவது, நாமே செய்யும் தவறு: உள்ளடக்கத்தைத் திருத்திவிட்டு, பதிப்பு எண்ணை மாற்றாமல் விடுவது. 'இது நம்மிடம் உள்ளதே' என்று கிடங்கு பழையதையே நீட்டும்.

திருத்தம் வெளியானால் மட்டும் போதாது. உரிய இடத்தைச் சேரவேண்டும். விண்டோஸின் ஒரு குறைக்கு மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது. அதே குறையைப் பற்றிக்கொண்டு மே 12-இல் 'வான்னகிரை' என்னும் தீநிரல் பரவியது. தாமதத்துக்கு இடத்துக்கு இடம் காரணம் வேறு. ஆனால் திருத்தம் வந்துசேராத பொறிகளே அதற்கு இரையாயின.

கண்டறிவது எப்படி?

முதலில், ஒரு கணிப்பொறியில் 'ஆப்ட்-கேஷ் பாலிசி' கட்டளையைப் பொதியின் பெயரோடு கொடுங்கள். நிறுவப்பட்ட பதிப்பும், கிடைக்கக்கூடிய பதிப்பும், அது வரும் இடமும் தெரியும். அடுத்து, அந்த ஒரு கணிப்பொறியை மட்டும் கிடங்கை விட்டு விலக்கி, மூல இடத்தோடு நேரே இணைத்துப் பட்டியலைப் புதுப்பியுங்கள். புதிய பதிப்பு இப்போது தெரிந்தால் குற்றவாளி கிடங்குதான்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். கிடங்கை முதலில், கணிப்பொறிகளைப் பின்னர். மாற்றிச் செய்தால், துடைத்த பொறிக்குள் பழசே மீண்டும் வந்து அமரும். 'ஆப்ட் கிளீன்' இறக்கிய பொதிகளை மட்டுமே நீக்கும். பட்டியலைப் புதுப்பிக்க 'ஆப்ட் அப்டேட்' வேண்டும். இதை மறந்துவிட்டுத் திகைப்போர் பலர்.

நீங்களே பொதி தயாரிப்பவரானால் ஒரு விதியை விடாதீர்கள்: சிறு திருத்தமானாலும் புதிய எண் கொடுங்கள். உத்திரமேரூர்ச் சபையார் பழைய கல்வெட்டின்மேல் திருத்தி எழுதவில்லை. ஆட்சியாண்டைக் குறித்துப் புதிதாக வெட்டினார்கள். அதனால்தான் எது முந்தியது, எது பிந்தியது என்று இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது.