படிவமும் நம் பெயரும்

மாதுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ வாழும் தமிழர், பள்ளிக்கோ வங்கிக்கோ விண்ணப்பிக்கும்போது இன்று பெரும்பாலும் கணினித் திரையில்தான் படிவத்தை நிரப்புகின்றனர். மராத்தியர் 'ஆட்நாவ்' என்று வழங்கும் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டால், மேலே செல்லவிடாது திரை மறுப்பதை நேயர்களிற் பலர் கண்டிருப்பர். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நம்மிற் பலருக்குக் குடும்பப் பெயர் ஏது?

வலைப்படிவத்தை இருவகையில் ஆக்கலாம். கட்டம் கட்டமாக நிரலர் தம் கையாலேயே எழுதுவது ஒன்று. எச்செய்தி எவ்வடிவில் சேமிக்கப்படும் என வரையறுக்கும் தரவு மாதிரியை மட்டும் எழுதி, அதிலிருந்து படிவத்தைக் கணினியே பிறப்பிக்குமாறு செய்வது மற்றொன்று. அமெரிக்காவில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி 2005இல் வெளியான ஜாங்கோ என்னும் மென்பொருள் இதற்குப் பெயர்பெற்றது. அதில், வெறுமையாக விடலாம் என்று மாதிரியில் வெளிப்படையாகக் குறிக்காத எழுத்துக் கட்டம் தானே கட்டாயக் கட்டமாகிவிடும். நம்மவரைத் தடுக்க அந்த ஒரு குறிப்பு விடுபட்டாலே போதும்!

ஆயினும் இம்முறையின் பயன் பெரிது. 2024 மே 1 முதல் பிறந்தோர்க்கு, தம் பெயரை அடுத்துத் தாயின் பெயரும், பின்னர்த் தந்தையின் பெயரும் குடும்பப் பெயரும் அரசு ஆவணங்களில் வரவேண்டும் என மகாராஷ்டிர அமைச்சரவை முடிவு செய்தது. கையால் எழுதிய படிவங்களாயின் ஒவ்வொன்றையும் தேடித் திருத்தவேண்டும்; ஒன்று தப்பினாலும் பதிவு குறைபடும். மாதிரியிலிருந்து பிறந்தவையாயின் ஓரிடத்துத் திருத்தம் பெரும்பாலும் எல்லாவற்றையும் சென்றடையும்.

பெயர்ப்பகுதியை மட்டுமேனும் கையால் எழுதுவதே நன்று என்பது என் கருத்து. ஜாங்கோ அதற்கும் இடந்தருகிறது. ஆனால் மாதிரியிலுள்ள கட்டாயத்தை நீக்காமல் திரையை மட்டும் அழகுபடுத்திப் பயனில்லை. வழியின்றிப் புள்ளி வைத்தோ, தம் பெயரையே இருமுறை எழுதியோ நிரப்புவோரும் உளர். பின்னர் ஓர் ஆவணத்துப் பெயர் மற்றொன்றோடு பொருந்தாது.

இது வெறும் எழுத்துச் சிக்கலன்று. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயரே உள்ளவருக்கு அனுமதியில்லை என 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலாப் பயணிகட்கு அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தாற் போதும் என்னும் விளக்கம் பிறகே வந்தது.

வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி நிறுவனம், இயலுமிடத்து முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைக்குமாறு நிரலர்க்கு அறிவுறுத்துகிறது. அதற்கு மாதிரியில் ஒரு வரி போதும்.