உங்களுக்குத் தெரியுமா? – ஸ்டீயரிங் பிடித்தவரின் நுரையீரல்

● வண்டி சிக்னலில் நிற்கும் நேரம் மொத்தப் பயணத்தில் கொஞ்சம்தான். ஆனால், உள்ளே போகும் புகைத்துகளில் கால்வாசி அங்கேயே போய்விடுகிறது! இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்ட கணக்கு இது. டிரைவர்கள் சிக்னலில் நின்றது பயண நேரத்தில் 2 சதவீதம். சுவாசித்த நுண்துகளில் அந்த 2 சதவீத நேரத்தின் பங்கு ஏறக்குறைய 25 சதவீதம். தடையில்லாமல் ஓடும் சாலையைவிட அங்கே துகள்களின் உச்ச அளவு 29 மடங்குவரை எகிறியிருந்தது. நிற்கிற வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பச்சை விழுந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் இருந்தால் புகைக்குப் போக்கிடமும் கிடையாது.

● கண்ணாடியை ஏற்றிவிட்டால் தப்பித்தோமா? அதுதான் இல்லை. பெரும்பாலான கார்கள் வெளிக்காற்றை முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பர் கிடக்கும் பள்ளத்தின் வழியாக உள்ளே இழுக்கின்றன. முன்னால் நிற்கும் பஸ் கக்குவது நேராக அங்கே வந்து சேரும். டேஷ்போர்டில், கார் படத்துக்குள் ஓர் அம்பு வளைந்து திரும்புகிற மாதிரி ஒரு பட்டன் இருக்கும், பாருங்கள். அதை அமுக்கினால் வெளிக்காற்று வரும் வழி அடைபடும். உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுழலும். நெரிசலில் காருக்குள் துகள் அளவு நன்றாகவே குறையும். கார் சீக்கிரம் ஜில்லென்று ஆகட்டும் என்றுதான் பலர் அதை அமுக்குகிறார்கள். நுரையீரலுக்குக் கிடைக்கும் லாபம் அவர்கள் கணக்கில் இல்லை. ஆனால், நான்கு பேர் உட்கார்ந்து மணிக்கணக்கில் அப்படியே போனால் கார்பன் டை ஆக்சைடு கூடிக் கண்ணைச் சொக்கும். நெரிசல் தாண்டியதும் பட்டனை அணைத்துவிட வேண்டும்.

● ஆட்டோ ஓட்டுகிறவருக்கோ ஏற்றக் கண்ணாடியும் இல்லை, அமுக்கப் பட்டனும் இல்லை.

● லண்டனில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களிடம் அளவுக்கருவியைக் கொடுத்து அனுப்பினார்கள் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள். 2019-இல் வந்த முடிவு: ஓட்டும்போது அவர்கள் சுவாசித்த ‘பிளாக் கார்பன்’ எனும் கரித்துகள், ஒரு கனமீட்டர் காற்றுக்குச் சராசரியாக 4.1 மைக்ரோகிராம். பரபரப்பான சாலையின் ஓரத்தில் இருப்பதே 3.1 தான். அதாவது, நடைபாதையில் நிற்பவரைவிட வண்டிக்குள் இருப்பவருக்குத்தான் அதிகம். டாக்சி டிரைவர்களுக்கு 6.5. நாள் முழுக்க நகரின் நடுவிலேயே சுற்றுகிறவர்கள் அவர்கள்தானே!

● சாலைத் தூசியில் பெரியதை மூக்கு முடியும் சளியும் பிடித்துக்கொள்ளும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அது நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றறைகள்வரை போய்விடும். இந்த அறைகள் நமக்குச் சுமார் 48 கோடி. மிக மிக நுண்ணியவை அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கக்கூடும் என்பதால் இதயத்துக்கும் தொல்லை.

● ஆஸ்துமா உள்ள 60 பேரை லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். அப்போது அங்கே டீசல் பஸ்ஸும் டாக்சியும் மட்டும்தான் போகலாம். மூச்சை இழுத்து ஊதினால் முதல் விநாடியில் வெளிவரும் காற்றின் அளவு 6.1 சதவீதம்வரை குறைந்தது. அதே ஆட்கள் ஹைடு பூங்காவில் நடந்தபோது இந்த அளவுக்குக் குறையவில்லை. 2007-இல் வந்த ஆய்வு. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிகிற டிரைவர் எங்கே இருக்கிறார்?

● டீசல் புகையை ‘புற்றுநோய் தரக்கூடும்’ என்று 1988-இல் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்த உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012-இல் ‘நிச்சயம் தரும்’ என்ற முதல் பிரிவுக்கு மாற்றிவிட்டது. சிகரெட்டும் அதே பிரிவுதான். அதற்காக இரண்டும் சம அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆதாரம் சம அளவு உறுதியானது என்றுதான் அர்த்தம்.

● பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுக்கும்போது பெட்ரோல் வண்டியில் பார்ப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். டீசல் வண்டியில் புகையின் அடர்த்தி. இவ்வளவு நேரம் பேசிய நுண்துகளின் எடையோ எண்ணிக்கையோ அந்தச் சோதனையில் கிடையாது!

● இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 எனும் வாகனப் புகை விதி. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது 10 ஆனது. பிஎஸ்-5 என்று ஒன்று வரவே இல்லை, தாண்டிக் குதித்துவிட்டோம்.

● முகத்தில் கட்டும் கர்ச்சீஃப் மண்ணைத் தடுக்கும். நுண்துகளை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். என்95 மாஸ்க் தடுக்கும், ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்.

● கனரக வண்டி லைசென்ஸுக்கு டாக்டர் கையெழுத்திடும் படிவம் 1-ஏ-வில் பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, கை கால் எல்லாம் உண்டு. ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமீட்டரை ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1840-களிலேயே உருவாக்கிவிட்டார். சில நிமிட வேலைதான். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இன்னும் இல்லை.