தட்டில் வளரும் விழித்திரை... மாலைக்கண் குடும்பங்களுக்கு என்ன பயன்?

‘பொழுது சாஞ்சா இவனுக்குக் கண்ணு தெரியாது’ - கடலூர், சிதம்பரம் பக்கம் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை. மறுநாளே வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல் ஆரம்பித்துவிடும்.

வைட்டமின் ‘ஏ’ குறைவால் வந்த மாலைக்கண் என்றால் சரியாகிவிடும். ஆனால், ‘ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா’ என்றால் கீரைக்கும் மசியாது, கண்ணாடிக்கும் மசியாது. இது மரபணுக் கோளாறு. முதலில் இருட்டில் தடுமாற்றம். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிக்கொள்ளும் குடும்பங்களில், ஒரே பழுதான மரபணு இருவரிடமும் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. (சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வரலாம். மருமகளைத் திட்டிப் பயனில்லை!)

கல்லீரல் என்றால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கலாம். விழித்திரையில் கை வைக்க முடியாது, போனால் போனதுதான். இங்கேதான் ஜப்பானின் ஷின்யா யமனகா வருகிறார். நான்கே மரபணுக்களைச் செலுத்தி, முதிர்ந்த செல்லைக் கருவில் இருந்த நிலைக்கே திருப்பலாம் என்று 2006-ல் எலியிலும், 2007-ல் மனித செல்லிலும் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு.

இன்று நோயாளியின் ரத்தத்திலிருந்தோ தோலிலிருந்தோ செல் எடுத்து, பின்னோக்கித் திருப்பி, பல மாதம் ஊட்டம் கொடுத்து வளர்த்தால், கடுகு போன்ற குட்டி விழித்திரை உருவாகிறது. அவருடைய கண்ணில் இருக்கும் அதே பழுது இதிலும் இருக்கும். கண்ணைத் தொடாமல், மருந்தை இதில் போட்டுப் பார்க்கலாம்.

பிறவியிலேயே பார்வையைப் பறிக்கும் ஒரு நோய்க்கு ‘செபோஃபார்சன்’ என்ற மருந்தை இப்படித்தான் சோதித்தார்கள். தட்டில் பலன் தெரிந்தது. முதற்கட்டச் சோதனையில் சிலருக்குப் பார்வையும் கூடியது. ஆனால், 2022-ல் பெரிய சோதனையின் முடிவு கைவிட்டது. தட்டு வேறு, கண் வேறு!

செல்லையே கண்ணில் வைக்கும் முயற்சியும் நடக்கிறது. 2014-ல் மசாயோ தகாஹாஷியின் குழு, எழுபது வயதைத் தாண்டிய பெண்மணிக்கு, அவருடைய தோலிலிருந்து உருவாக்கிய விழித்திரை அடுக்கைப் பொருத்தியது. ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையிலும், பெங்களூரின் ‘ஐஸ்டெம்’ நிறுவனத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடக்கின்றன.

‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை வரும்’ என்று பணம் கேட்பவர்களிடம் மட்டும் போய்விட வேண்டாம். அமெரிக்காவில், உடல் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணில் ஊசியாகப் போட்டுக்கொண்ட மூன்று பெண்களின் பார்வை பறிபோனது 2017-ல் மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. ஆராய்ச்சிக்கு உட்படுபவரிடம் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்டாலே உஷாராகிவிட வேண்டும்.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? எந்த மரபணுவில் பழுது என்று தெரிந்துகொள்ளலாம். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்து ‘லக்ஸ்டர்னா’, ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும்தான். இரு கண்ணுக்கும் சேர்த்து விலை எட்டரை லட்சம் டாலர்! நாளை விலை குறைந்தாலும், வேறு மருந்து வந்தாலும், முதல் கேள்வி ‘எந்த மரபணு?’ என்பதுதான்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி, கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் மருத்துவமனை என்று முதல் பரிசோதனைக்கு இடம் பக்கத்திலேயே இருக்கிறது. போகும்போது, அப்பா அம்மா என்ன உறவு, வீட்டில் வேறு யாருக்கெல்லாம் இருட்டில் தடுமாற்றம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.