ஆரணி லைசென்ஸ் துபாயில் ஓடுமா?

ஆரணியில் தறியை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து, அடுத்து துபாய்க்கு டிரைவராகப் பறக்கத் துடிக்கும் தம்பிகளே... ஒரு நிமிஷம்!

'ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிட்டா உலகம் பூரா ஓட்டலாம்பா' என்பார்கள் டீக்கடை மேதைகள். நம்பாதீர்கள். ஆயிரம் ரூபாய் கட்டினால் பெர்மிட் கிடைக்கும், வாஸ்தவம். ஆயுள், அதிகபட்சம் ஒரு வருஷம். ஆனால் துபாயைப் பொறுத்தவரை அது சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குத்தான். குடியிருப்பு விசா கைக்கு வந்துவிட்டால், அந்த ஊர் லைசென்ஸ் இல்லாமல் வண்டியைத் தொட முடியாது.

'நம்ம லைசென்ஸைக் காட்டி மாத்திக்கலாமே?' அமெரிக்கா, இங்கிலாந்து லைசென்ஸ்காரர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை! வகுப்பு, எழுத்துத் தேர்வு, ரோடு டெஸ்ட் எல்லாம் தாண்டியாக வேண்டும். 2023-ல் 'கோல்டன் சான்ஸ்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வகுப்புக்குப் போகாமல் நேரே டெஸ்ட். ஒரே ஒரு தடவைதான். கோட்டை விட்டால் வகுப்பில் உட்கார வேண்டியதுதான்.

அதோடு அங்கே சாலையில் வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம். இடது கையால் கியர் போட்டே பழகியவர் வலது கையால் போட வேண்டும். ஃபெயிலானால் மறுபடியும் பணம், அதுவும் திர்ஹத்தில்!

ஆகவே ஏஜென்டிடம் பணம் கட்டுமுன் மூன்றே கேள்வி: லைசென்ஸ் செலவு யாருடையது? கிடைக்கும்வரை சம்பளம் உண்டா? ஃபெயிலானால் என்ன வேலை? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஏஜென்ட் தலையைச் சொறிந்தால், உங்கள் பாஸ்போர்ட் உங்கள் பையிலேயே இருக்கட்டும்!