கிரிப்பில் கிடக்கும் பெயர்

பசறை டவுனில் கடை வைத்திருப்பவர்கள், த்ரீவீல் ஓட்டுபவர்கள், தோட்டப் பக்கம் சாமான் கொண்டுபோய் விற்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், லீசிங் எல்லாம் கட்டி முடிச்சிட்டேன். இன்னும் கிரிப்புல பேரு ஈக்கிதாம், லோன் தர ஏலாதாம். கட்டின பொறகும் என்ன சேர் பேரு?" இதை ஏன் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்கிறார்கள் என்றால், ஆங்கிலத்தில் வரும் கடுதாசியை வாசித்துச் சொல்வது இந்த ஊரில் இன்னும் வாத்தியார் வேலைதான்.

கேள்வி சின்னது. ஆனால் பதில் கிடைக்காதவர் அடுத்துப் போகும் இடம் நாள் வட்டிக்காரரின் வாசல். பெண்சாதியின் நகையை விற்று ஒரு கடனிலிருந்து வெளியே வந்தவர், பேங்கில் ஒருமுறை "இல்லை" என்று சொன்னதும், இனி ஆயுசுக்கும் தன் பெயர் கெட்டுவிட்டது என்று நம்பி, அதைவிடப் பெரிய வட்டிக்குள் இறங்குகிறார். அதனால்தான் இந்தக் கிரிப் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் கிரிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. 1995இலும் 2008இலும் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் தாம் கொடுத்த கடன்களின் விவரத்தை அங்கே அனுப்பும். புதிதாக ஒருவர் கடன் கேட்டு வந்தால், அவருடைய அறிக்கையை அங்கிருந்து எடுத்துப் பார்க்கும். பணியகம் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, யாருக்கும் கடன் கொடுக்காதே என்று சொல்வதுமில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பது பேங்கின் தீர்மானம்.

ஆகவே "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்ற பேச்சே பிழையானது. அது பொலிஸ் பட்டியல் இல்லை. வங்கியில் ஒருமுறை கடன் எடுத்த எவருடைய பெயரும் அங்கே இருக்கும். தவணை தப்பாமல் கட்டியவரின் பெயரும் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் விஷயம். எடுத்த கடன்கள், மிச்சத் தொகை, எந்தெந்த மாதம் தவணை பிந்தியது, யாருக்கெல்லாம் பிணை நின்றார், கணக்கில் காசில்லாமல் திரும்பிய செக், அண்மையில் எந்த நிறுவனங்கள் இவரைப் பற்றி விசாரித்தன என்பவையெல்லாம் அதில் வரும். இவற்றிலிருந்து 250க்கும் 900க்கும் இடையே ஒரு புள்ளியும் கணக்கிடப்படுகிறது. யூடியூபில் தமிழ்நாட்டுக்காரர்கள் சொல்லும் 'சிபில் ஸ்கோர்' இதுவல்ல. அது இந்தியாவின் நிறுவனம், கணக்கு 300இலிருந்து தொடங்குகிறது, விதிகளும் வேறு. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் பேங்க் மனேஜரோடு வாதாடுவதில் பயனில்லை.

கடனைக் கட்டி முடித்தால் மிச்சத் தொகை பூச்சியமாகும். பிந்திய மாதங்கள் அதே நாளில் மறைவதில்லை. நடந்தது நடந்ததுதானே. ஒழுங்காகக் கட்டிய புதிய மாதங்கள் சேரச் சேரத்தான் பழைய மாதங்களின் பாரம் குறையும்.

கட்டி முடித்ததிலும் வகை உண்டு. முழுத் தொகையையும் கட்டுவது ஒன்று. "இவ்வளவைக் கட்டுங்க, மிச்சத்தை விட்டுத் தாறோம்" என்று பேசித் தீர்ப்பது இன்னொன்று. மூன்றாவது ஒன்றில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: கம்பெனி தன் புத்தகத்தில் 'ரைட் ஓஃப்' செய்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கடன் மன்னிக்கப்பட்டதாக நினைத்துக்கொள்வது. வராத கடன் என்று கம்பெனி தன் கணக்கில் ஒதுக்கியதுதான் அது. நம் தலையிலிருந்து இறங்கியதாகாது. எந்த வகையில் தீர்த்தாலும், கடன் தீர்ந்தது என்று நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், கடன் இலக்கத்தோடு ஒரு கடிதம் வாங்க வேண்டும். ரிசீட்டு போதாது. கடைசித் தவணைக்குப் பிறகு சில நூறு ரூபாய் அபராத வட்டி மிச்சமிருந்து, அது தெரியாமலே கடன் 'முடியாத' கடனாகக் கிடப்பது நடக்கிற விஷயம்.

இந்த இடத்தில் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அல்குர்ஆனிலேயே நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல, கடனை எழுதி வைப்பது பற்றியது. தவணையோடு எழுதச் சொல்கிறது. சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. சாட்சி வைக்கச் சொல்கிறது. நாம் அதிகம் கவனிக்காத ஒன்று, எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்பவர் யார் என்பது. கடன் கொடுத்தவர் அல்ல, கடன்பட்டவர். அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர். பலவீனமான பக்கத்தில் இருப்பவரின் வாயிலிருந்து பதிவு வர வேண்டும் என்பது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! அரபியில் கடனைக் குறிக்கும் 'தைன்', மார்க்கத்தைக் குறிக்கும் 'தீன்' இரண்டும் ஒரே மூல எழுத்துகளில் பிறந்தவை. தமிழிலும் கடன் என்றால் கடமை என்றொரு பொருள் உண்டு.

நம் மலைகளில் இதற்கு நேர்மாறான பதிவு ஒன்று இருந்தது. ஊவாத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களைக் கட்டிப்போட்ட 'துண்டு' முறையைத்தான் சொல்கிறேன். இன்ன தொகை கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும்; கடன் தொழிலாளியோடு கூடவே நடந்து போகும். கங்காணி எழுதியதே கணக்கு. தொழிலாளிக்கு அதை வாசிக்கவும் தெரியாது, மறுக்கவும் முடியாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. கிரிப்பைத் துண்டோடு சமப்படுத்துவது அநியாயம். என்றாலும், தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே வாசிக்காத மனிதனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் பயம் தரும்.

இன்று வாசிக்க வழி இருக்கிறது. தன் சொந்த அறிக்கையைக் கட்டணம் செலுத்தி எவரும் பெறலாம்; கொழும்புக்குப் போகாமல் இணையத்திலும் எடுக்கலாம். கடன் தீர்த்து ஓரிரு மாதம் பொறுத்து, அந்தத் தகவல் போய்ச் சேர்ந்த பிறகு எடுப்பது நல்லது. பிழை இருந்தால் கடிதத்தோடு கடன் கொடுத்த நிறுவனத்திடம்தான் முதலில் போக வேண்டும். அது உறுதிப்படுத்தாமல் பணியகம் தானாகப் பதிவை மாற்றாது. "கிரிப் கிளியர் பண்ணித் தாறோம்" என்று காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். சரியான பதிவை அழிக்க அவர்களால் முடியாது. பிழையான பதிவைத் திருத்த அவர்கள் தேவையில்லை.

பொறுமை வேண்டும் என்பதற்கு நாட்டையே உதாரணம் காட்டலாம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதே மாதம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை அரசாங்கம் நிறுத்தியது. தவணை தவறிய நாடு என்ற தரத்துக்கு இறங்கினோம். பிணைமுறிகளை மறுசீரமைத்த பிறகு, 2024 டிசம்பரில் பிட்ச் நிறுவனம் நம்மை மேலே தூக்கியது. எங்கே? 'சிசிசி பிளஸ்' என்ற படிக்கு. அதுவும் ஆபத்தான கடனாளி என்ற வகைதான்.

தனி மனிதனும் அப்படித்தான் ஏற வேண்டும். பேங்கில் ஒரு கணக்கை உயிரோடு வைத்து வரவு செலவை அதன் வழியே நடத்துவது, எடுத்தால் கட்டக்கூடிய சின்னத் தொகையாக எடுத்துத் தவணை நாளுக்கு முன்பே கட்டுவது, ஒரே கிழமையில் ஐந்து இடத்தில் விண்ணப்பம் போடாமல் இருப்பது. ஐந்து விசாரணை பதிந்தால் ஆள் தத்தளிக்கிறார் என்றுதான் அடுத்த அதிகாரி நினைப்பார். புள்ளி கூட வேண்டுமென்று வட்டிக் கடன் எடுக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன். முராபஹா, இஜாரா அடிப்படையில் கொடுக்கும் வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனம்தான். அங்கே ஒழுங்காகக் கட்டுவதும் பதிவாகும், பிந்துவதும் பதிவாகும். "இது இஸ்லாமிய முறை, கொஞ்சம் லேட் ஆனா பரவாயில்ல" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பரவாயில்லை என்று யார் சொன்னது?

சொந்தக் கடனில் எல்லாம் சுத்தமாக இருந்தும் தடைபடுபவர்கள், பெரும்பாலும் பிணை நின்றவர்கள். மாதச் சம்பளக்காரர் என்பதால் எங்கள் ஆசிரியர்களிடம்தான் முதலில் வருவார்கள். "ஒரு கையெழுத்து மட்டும் சேர்." தோட்டப் பெண்கள் எடுக்கும் குழுக் கடனிலும் ஒருவருக்கு மற்றவர்கள் பொறுப்பு. அடுத்தவர் தவறினால் நம் அறிக்கையில் அது தெரியும். கடனாளியின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்றபோது அபூ கதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்டார். பிறகு அவரைக் கண்டபோது அந்தத் தீனார்கள் என்னவாயின என்று நபியவர்கள் விசாரித்ததாகவும் அறிவிப்பு உண்டு. பிணை வெறும் கையெழுத்தில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பிணை நின்ற கடன் தீர்ந்ததும், அதற்கான கடிதத்தின் பிரதியொன்றைப் பிணை நின்றவரும் கேட்டு வாங்க வேண்டும். வெட்கப்படத் தேவையில்லை.

கிரிப்பில் வராத கடன்களும் உண்டு: கடைக் கொப்பி, நானாவிடம் வாங்கிய கைமாற்று, சீட்டுப் பாக்கி. அவற்றைக் கட்டினால் புள்ளி கூடாது. மையித்தைத் தூக்கும் முன் "இவருக்கு யாராவது கடன் குடுத்திருந்தா எங்கட்ட சொல்லுங்க" என்று மகன் எழுந்து கேட்கிறாரே, அந்தப் பதிவேடு வேறு.

அறிக்கை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். நம் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதப்பட்டிருக்கும்; முஹம்மத் ஓர் இடத்தில் மொஹமட், இன்னோர் இடத்தில் வெறும் எம். அடையாள அட்டை இலக்கமும் 2016இலிருந்து 12 இலக்கமாக மாறிவிட்டது. முன்பு 9 இலக்கத்தோடு ஓர் எழுத்து. பழைய இலக்கத்தில் எடுத்த கடனும் புதிய இலக்கத்தில் எடுத்த கடனும் சரியாக ஒரே ஆளின் பேரில் சேர்ந்திருக்கிறதா, அடுத்தவர் கடன் ஏதும் நம் பேரில் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். போகும்போது இரண்டு அட்டையின் போட்டோ கொப்பியையும் கடன் தீர்ந்த கடிதத்தையும் ஒரே பைலில் வைத்துக்கொண்டு போங்கள்.